ஓரக்கோட்டில் ஒரு வெள்ளை பட்டன்

போன செவ்வாய்க்கிழமை காலை, டீ ஆறுவதற்குள் ஒரு புதிரைப் போட்டுவிடலாம் என்று கோ புத்தகத்தைத் திறந்தேன். டீ ஆறிப்போனது. அந்தப் புதிரை நான் முன்பே பார்த்திருக்கிறேன்... என் வீட்டுக் கூடத்தில்!

கோ தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கட்டம் போட்ட பலகையில் கறுப்பும் வெள்ளையுமாகக் காய் வைப்போம். ஒரு காய்க்கூட்டத்தை எதிராளி எப்படிச் சுற்றி வளைத்தாலும், உள்ளே தனித்தனியாக இரண்டு காலியிடம் இருந்தால் அந்தக் கூட்டம் பிழைக்கும். இல்லாவிட்டால் சாவு. இதைக் கண்டுபிடிப்பதுதான் ஆட்டத்தின் பாதிப் படிப்பு.

கச்சிராயபாளையம் டெய்லர் ஏழுமலையும் நானும் செல்போனைப் பார்த்து ஒன்றாகத்தான் கற்றோம். காய்கள் அவர் கடை பட்டன்கள். ஞாயிறுதோறும் டவுன் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு வருவார். ஒவ்வொரு ஆட்டத்தையும் நான் தேதி போட்டு நோட்டில் வரைந்து வைப்பேன்.

கடைசி ஆட்டத்தில் மூலையில் அவருடைய வெள்ளைக் கூட்டத்தை வளைத்தேன்.

"செத்துச்சுய்யா."

"இருங்க சார். இங்க ஒண்ணு வச்சா பொழைக்காது?" ஓரக்கோட்டில் விரல் வைத்தார்.

"எங்க வச்சாலும் செத்ததுதான். நான் புக்ல படிச்சிருக்கேன்."

"இன்னா சார், உசுரு கீதான்னு பாக்கறதுக்குள்ள பொணத்த எடுக்கிறீங்க?"

சிரித்துக்கொண்டே காய்களை அள்ளினேன். அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அவர் வரவில்லை. எந்தெந்த ஞாயிறு வரவில்லை என்பதற்கு என்னிடம் குறிப்பு இருக்கிறது. ஏன் வரவில்லை என்று நான் கேட்டதற்குத்தான் குறிப்பு இல்லை. கேட்டால்தானே?

செவ்வாய்க்கிழமை நோட்டையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே மூலை. விடை — அவர் விரல் வைத்த அதே இடம். பிழைக்கிறது.

மதியமே பஸ் ஏறினேன். ஏழுமலை மெஷினை நிறுத்தி நோட்டைப் பார்த்தார்.

"அதான் அன்னிக்கே வெரல வச்சனே சார்."

"தப்பு என்னுதுதான்யா. ஞாயித்துக்கிழமை வா."

"பட்டன் ஏதுங்க? வெள்ளையெல்லாம் ஸ்கூல் சட்டைக்கு வச்சித் தச்சிட்டேன். யூனிஃபார்ம் ஆர்டர் ஜாஸ்தி."

"வேற வாங்கிக்கலாம்."

"பாக்கலாம் சார்" என்று மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது பள்ளிக்கூடம் விட்டது. எதிரில் வந்த சட்டைகளின் வெள்ளை பட்டன்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செத்ததாகச் சொன்னவை எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.