எண்ணூரில் பொய்யாக ஊதிய சங்கு

காலை எட்டு மணிக்குக் கிண்டியில் மெட்ரோ ஏறினேன். விம்கோ நகர் வரை ஐம்பது ரூபாய். டோல்கேட் தாண்டியதும் பெட்டி காலியானது. வலது பக்கம் கடல் தெரிந்தது.

எண்ணூரில் ஒரு ஐஸ் ஃபேக்டரி. அமோனியா கசிந்தால் சங்கு ஊதவைக்கும் லினக்ஸ் கணினிப் பெட்டி அங்கே உண்டு. போன மாதம் எங்கள் அலுவலகம் அதற்குப் புது மென்பொருள் ஏற்றியது. அதிலிருந்து கசிவே இல்லாமல் ஊதுகிறது.

ஷேர் ஆட்டோவில் நாலு கிலோமீட்டர், இருபது ரூபாய். "அந்தப் பொய்ச் சங்காண்டயா போற? பேஜாரா கீது நைனா, அத்த சரி பண்ணு" என்றார் ஆட்டோக்காரர்.

ஃபேக்டரி மேனேஜர் சங்கின் வயரைப் பிடுங்கச் சொன்னார். அதற்கு வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். மதிலை ஒட்டியே மீனவர் வீடுகள். முதல் வீட்டில் குமார், படகில் விழுந்து கால் முறிந்து கிடப்பவர். ஊதும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஈரத்துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு, அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு காற்று வரும் திசைக்குத் தூக்கிப் போகிறார்கள்.

"தெனம் சாமி பொறப்பாடுதான் சார். சுண்டல்தான் குடுக்க மாட்றானுங்க" என்றார் குமார்.

லேப்டாப்பை மாட்டினேன். பெட்டி, அமோனியாவை மோப்பம் பிடிக்கும் உணரியிடம் கசிவு உண்டா என்று கேட்கிறது. பதில் வராவிட்டால் ஆபத்து என்று ஊதுகிறது. வயரை மாற்றினேன், பயனில்லை. கம்பியில் ஓடும் சிக்னலைக் காட்டும் ஸ்கோப்பில் பார்த்தால் பதில் ஒழுங்காக வருகிறது. கேள்வியும் பதிலும் ஒரே ஜோடிக் கம்பியில்தான். அதை ஆளும் மென்பொருளை டிரைவர் என்போம். கேட்டு முடித்ததும் அது கம்பியை விட்டுவிட வேண்டும். புது டிரைவர் தாமதமாக விட்டது. பதிலின் தலை நசுங்கியது. கேட்டவன் வாயை மூடாவிட்டால் பதில் எப்படிக் காதில் விழும்? சோதிக்காமல் ஏற்றியவனைப் போனில் திட்டிவிட்டு டிரைவரைத் திருத்தினேன். மதியம் முழுக்கச் சங்கு வாய் திறக்கவில்லை.

நிஜமாக ஊதவேண்டிய நேரத்தில் ஊதுமா? வீடு வீடாகப் போய், இது டெஸ்ட், யாரும் வெளியே வரவேண்டாம் என்று சொன்னேன். அமோனியாவில் நனைத்த பஞ்சை உணரியிடம் காட்டினேன். ஊதியது. எட்டிப் பார்த்தால், நாற்காலியில் குமார் போய்க்கொண்டிருக்கிறார்.

சொன்னேனே என்று கத்தினேன். ஒரு பக்கம் பிடித்திருந்த பக்கத்து வீட்டு செல்வி, மீன் விற்பவள், நிற்கவில்லை.

"டெஸ்ட்டுன்னுதான் சொன்ன. அந்த நேரம் பாத்து நெசமா கசிஞ்சா? இவர தூக்கினு போறதுல எங்களுக்கு இன்னா கொறைஞ்சு பூடும்?"

பஞ்சைப் பையில் கட்டினேன்.

எங்கள் அடுக்ககத்தில் தீ மணி அடித்தால், அதை அணைக்கச் சொல்லி வாட்ச்மேனைத் திட்டுவோம். எதிர் வீட்டில் வாக்கர் பிடித்து நடக்கும் ஒருவர் இருக்கிறார். பெயர் தெரியாது. அன்று வீடு திரும்பியபோது, என் கதவைத் திறக்குமுன் அவர் கதவைத் தட்டினேன்.