காமன் விழுந்த மாசி

செல்லசாமிக்குப் பிறவியிலேயே நெஞ்செலும்பு உள்வாங்கியிருந்தது. மல்லாந்து படுத்தால் அந்தக் குழியில் ஒரு கை தண்ணீர் நிற்கும். மலையில் பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவான். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இப்படி ஒருவன் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்?

ஆனாலும் மாசி மாதக் காமன் கூத்தில் அவன்தான் காமன். ஜிகினாச் சட்டை குழியை மறைத்துவிடும். அவனுக்கு ரதி நான். எங்கள் தோட்டத்தில் வேஷம் எடுத்தால் மூன்று வருஷம் விடாமல் கட்ட வேண்டும், நடுவில் விட்டால் சாமி குத்தம். இரண்டு வருஷம் கட்டி முடித்திருந்தோம்.

அறுபத்திரண்டு கடைசியில், தோட்டத்து மருந்துக்காரர் மகாலிங்கம் ஐயா அவனைக் கொழும்புக்கு அனுப்பினார். அங்கே நெஞ்சைத் திறந்து, எலும்பைத் தூக்கி நிறுத்தி, பின்னால் ஒரு இரும்புத் தகடு வைத்துத் தைத்தார்கள். திரும்பி வந்தவன் மார்கழிப் பனியில் சட்டை இல்லாமல் திரிந்தான்.

"தொட்டுப் பாருடா வீரய்யா, பலக மாதிரி இருக்கு."

"ஒரு வருஷத்துக்கு விழக்கூடாது தம்பி. எலும்பு இன்னும் பிடிக்கேல்லை" என்று மகாலிங்கம் ஐயா எச்சரித்தார்.

மாசி பிறந்ததும் அவன் மனைவி அழகம்மா என்னிடம் வந்தாள்.

"இந்த வருஷம் வேணாம்னு சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

"மூணாவது வருஷம்மா, சாமி குத்தமாயிரும். அவன் சும்மா நின்னா போதும், ஆட்டத்த நான் பாத்துக்கிறேன்" என்றேன். புத்தி கெட்டவன் நான்.

கூத்தன்று அவன் சட்டையே போடவில்லை. நிமிர்ந்த நெஞ்சோடு நின்றான், ஆடவில்லை. ஆனால் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தால் காமன் விழுந்தாக வேண்டுமே! அதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. சிவன் வேஷம் கட்டிய மாயாண்டி கண்ணைத் திறந்தான். பழக்க தோஷம், செல்லசாமி அடியற்ற மரமாய்க் குப்புற விழுந்தான்.

அவன் தலையை மடியில் எடுத்து வைத்து ரதியின் ஒப்பாரியைத் தொடங்கினேன். அவன் என் கையைப் பிடித்தான்.

"வீரய்யா, நெசமாவே வலிக்குதுடா."

என்னமாய் நடிக்கிறான் என்று பூரித்துப்போய், நான் இன்னும் இரண்டடி சேர்த்துப் பாடினேன். தப்பு மேளம் ஓங்கி முழங்கியது. சனம் விம்மி அழுதது. பாட்டு முடிந்தபோது அவன் பிடி தளர்ந்திருந்தது.

எரிந்த காமனை மூன்றாம் நாள் எழுப்புவது முறை. அன்று அழகம்மா காமன் பொட்டலுக்கு வந்து என் முன்னால் நின்றாள்.

"எழுப்புங்கண்ணே. மூணாவது வருஷமில்ல?"

எழுப்புகிற பாட்டு எனக்கு வரிக்கு வரி தெரியும். ரதியின் வளையலைக் கழற்றி அவள் காலடியில் வைத்தேன்.