அதே சாலை, அதே எடை

மாற்றிய கியர்பாக்ஸில் சத்தம் வருவதாக வண்டிக்காரர் புகார் சொன்னால், அது எந்தச் சாலையில், எந்த வேகத்தில், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது வந்ததோ, அதே நிலையில் அவரையும் உடன் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் எண்ணெய் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். கம்பெனியின் கையேட்டில் விதி இப்படித்தான் இருக்கிறது. எழுதியவனுக்கு மூளை இருந்திருக்கிறது. என் வண்டியைப் பார்த்த ஒர்க்‌ஷாப்பில் அதைப் படித்தவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

நான் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பிறர் செய்ததற்கெல்லாம் விதி எங்கே என்று கேட்டே தலை நரைத்தது. கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் வீடு. பழைய கியர்பாக்ஸ் ஏற்றத்தில் மூன்றாவது கியரைத் துப்ப ஆரம்பித்ததால், கழக்கூட்டம் பைபாஸில் உள்ள ஒர்க்‌ஷாப்பில் புதியது போட்டேன். வாரண்டி உண்டு. வெளியாள் கையை வைத்தாலோ, பழுது தெரிந்த பிறகும் ஓட்டினாலோ வாரண்டி போய்விடும்.

அதை அவசரமாக மாற்றியதற்குக் காரணம் என் மனைவியின் அக்கா. வித்துரா சந்தையைத் தாண்டி, பொன்முடிக்குப் போகிற ஏற்றத்தில் அவள் வீடு. ஈரல் கெட்டு, இனிமேல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று மெடிக்கல் காலேஜில் அனுப்பிவிட்டார்கள். உடம்பு போனாலும் நாக்கு போகவில்லை.

அந்த நாக்கில்தான் என் மனைவிக்கு வேலை இருந்தது. அவர்கள் அம்மா இறந்தபோது கூட இருந்தவள் என் மனைவி. வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது அக்காவுக்கும் தெரியும். தெரிந்தும், அம்மாவைக் கிடத்தியிருந்த கூடத்தில் வைத்தே, சொந்தக்காரர்கள் கேட்க, "வாயில ஒரு சொட்டுத் தண்ணி விடாம கொன்னுட்டா" என்றாள். பிறகு பேச்சுவார்த்தை இருந்தது, கல்யாணங்களுக்குப் போக்குவரத்து இருந்தது. அந்த வார்த்தை மட்டும் அங்கேயே கிடந்தது. சொன்ன வாயே அதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று என் மனைவிக்கு.

போனில் கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"அன்னைக்குச் சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா. போதும்."

"போன்ல சொல்லுகதுக்கு அது என்ன கேஸ் புக்கிங்கா? நேர்ல வாட்டி. என் மொகத்தப் பாத்துக் கேளு. சொல்லணும்னு தோணுச்சின்னா சொல்லுதேன்."

"தோணலைன்னா?"

"சாயா குடிச்சிட்டுப் போ."

புது கியர்பாக்ஸோடு கிளம்பினோம். மலையாளக் கர்க்கடக மாதம், நம் ஆடி; விடாத மழை. முட்டிவலியால் மனைவிக்கு முன்சீட்டில் காலை மடக்க முடியாது. பின்சீட்டில் காலை நீட்டி உட்காருவாள். வித்துரா வரை வண்டி பூனைபோல் போயிற்று. சந்தையைத் தாண்டி ஏற ஆரம்பித்ததும் அடியில் இருந்து ஒரு முனகல். ஊ என்று தொடங்கி, மிதிக்க மிதிக்கக் கூடியது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. அதே வேகத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினேன். இன்ஜின் சத்தம் மாறியது, முனகல் மாறவில்லை. ஆக, மூன்றாவது கியரின் பல்சக்கரத்தில் குற்றமில்லை. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தேன், முனகல் தணிந்தது. ஓரமாக நிறுத்தி கிளட்ச்சை மிதித்தும் விட்டும் பார்த்தேன், ஒன்றுமில்லை. ஆக, கிளட்ச்சும் இல்லை. மிச்சமிருப்பது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற இடம். அங்கே இருக்கும் பேரிங். சூடான பிறகு, பாரத்தோடு ஏறும்போது மட்டும் அழுகிற பேரிங்.

"பேரிங்தான்" என்றேன்.

"நல்லது. வண்டிய எடுங்க. இன்னும் நாலு வளவுதான்."

"எடுக்கக் கூடாது. தெரிந்தே ஓட்டினால் வாரண்டி போய்விடும்."

"அப்போ நான் ஆட்டோவுல போறேன்."

"கொஞ்சம் இரு. கீழே இறங்கி இன்னொரு தடவை ஏறிப் பார்க்க வேண்டும். சோதனைக்கு ஓட்டுவது கணக்கில் வராது. பின்சீட்டில் அதே எடை வேண்டும்."

அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு இப்பதான் என்னால ஒரு உபகாரம், இல்லியா?"

மறுபடி ஏறினோம். அதே இடத்தில் அதே முனகல். இறங்கி வருவதற்குள் மழை கனத்து, சந்தையில் ஒரு ஆட்டோவும் கிடைக்கவில்லை. திரும்பிவிட்டோம். இறக்கத்தில் சத்தமே இல்லை.

மறுநாள் ஒர்க்‌ஷாப். சர்வீஸ் அட்வைசர் டை கட்டிய இளைஞன். தான் மட்டும் ஏறி பைபாஸில் சமதரையில் ஒரு வட்டம் போய்விட்டு வந்தான். எண்ணெய் சூடாகும் முன்பே சோதனை முடிந்துவிட்டது.

"ஒரு சவுண்டும் இல்லல்லோ சார்."

"ஏற்றத்தில் வரும். பின்னால் ஆள் இருக்க வேண்டும்."

அவன் நாற்காலியில் இருந்த என் மனைவியை மேலும் கீழும் பார்த்தான். "ஓவர்லோடு வாரண்டியில் வராது சார்."

மனைவி நிமிர்ந்தாள். "மோனே, என்னை இறக்கிட்டு ஓட்டுனா சத்தம் நிக்கும்னா சொல்லு. இவரு இப்பவே இறக்கிருவாரு."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன் என்று அவள் பிறகு சொன்னாள்.

அன்றே கம்பெனி மேலிடத்துக்கு எழுதினேன். விதியை எடுத்துக் காட்டி, கூட்டுச் சோதனை ஓட்டம் கேட்டேன். சாலை: வித்துரா தாண்டி பொன்முடி ஏற்றம். பயணிகள்: நானும் மனைவியும். வண்டியை ஓட்டப் போவது அவர்கள் ஆள், எரியப் போவது அவர்கள் பெட்ரோல். சத்தமும் நிரூபணம் ஆகும், மனைவியும் அக்கா வீட்டு வாசலில் இறங்கிக்கொள்வாள். மனு நியாயமாக இருந்தது. இன்று படித்தாலும் ஒரு வரி மாற்ற மாட்டேன்.

பதில் இல்லை. மனு கிடைத்தது என்று ஒரு தானியங்கி மின்னஞ்சல் மட்டும் வந்தது. நினைவூட்டினேன். அதற்கும் அதே தானியங்கி. வண்டி போர்ட்டிகோவில் நின்றது. டாக்சி பிடிக்கலாம் என்று மனைவி சொல்லும்போதெல்லாம், இந்த வாரம் பதில் வந்துவிடும் என்றேன். ஒரு அலுவலகம் எவ்வளவு நாள் தாழ்த்தும் என்பது எனக்குத் தெரியாதா?

அக்கா போன் செய்தாள். குரல் இளைத்திருந்தது.

"என்னட்டி, ஒம் மாப்பிளைக்கு ஆர்டர் வந்தாச்சா?"

"வரல்லக்கா."

"எனக்கு வந்தாச்சு போல." இருமல். "சீக்கிரம் வா. இன்னைக்குத் தோணுது. நாளைக்கு மாறிருவேன்."

மனைவி போனை வைத்தாள். தெருமுனைக்கு நொண்டியபடி போய் ஒரு டாக்சியைக் கூட்டிவந்தாள். நானும் ஏறிக்கொண்டேன். டாக்சி அந்த நாலு வளைவையும் ஒரு முனகலும் இல்லாமல் ஏறியது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்குப் பேச்சு நின்றிருந்தது. அன்று மத்தியானம்தான் என்றாள் அக்காவின் மருமகள். கண் மட்டும் திறந்திருந்தது. மனைவி கட்டிலில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக் கேட்டாள், சொன்னபடி. "நான் கொன்னேனா, அக்கா?" அக்காவின் வாய் ஒரு பக்கமாக அசைந்தது. என்னவாகவும் இருக்கலாம். பக்கத்தில் கரண்டியும் தண்ணீரும் இருந்தன. மனைவி ஒரு கரண்டி எடுத்து அந்த வாயில் விட்டாள். அது தாடை வழியாக இறங்கித் தலையணையில் போயிற்று.

"தொண்டை இறங்காது சித்தி, குடுக்க வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றாள் மருமகள்.

"தெரியும்" என்றாள் என் மனைவி. இன்னொரு கரண்டி விட்டாள்.

அக்கா மறுநாள் காலையில் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடி டாக்சியில் போனோம். பந்தியில் பாயசம் விளம்பும்போது என் போன் அதிர்ந்தது. எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்ப் பார்த்தேன். கூட்டுச் சோதனை ஓட்டத்துக்கு அனுமதி. கேட்ட சாலைக்கே அனுமதி. விதிப்படி பின்சீட்டுப் பயணியும் தவறாமல் உடன் வர வேண்டும்.

கை கழுவ வந்த மனைவி கேட்டாள். "யாரு?"

"கம்பெனி. போகலாமாம்."

"எங்க?"

"இங்கதான்."

அவள் குழாயை மூடவில்லை. நான்தான் மூடினேன். அன்று மலையாளத்தில் சிங்ஙம் ஒன்று, புத்தாண்டு; நமக்கு ஆவணி ஒன்று.