குஞ்சின் கண்ணில் விழுந்த ஆன்டிபாடி

எழுத்து எனக்குக் கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஒன்றைச் சொல்லிக்கொண்டு போகையில் இன்னொன்று மறந்துவிடும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் மருமகள் சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். நான் நாலு பேர் எதிரில் பேசக் கூச்சப்படுகிறவள், அவளும் அப்படியே. அடுப்படியில் என்றால் இரண்டு பேருக்கும் வாய் திறந்துவிடும். சித்தேரி மலைச் சாமையைத் தண்ணீர் விட்டும், காயவிட்டும் வளர்த்து, உள்ளே என்ன மாறுகிறது என்று பார்க்கிறாளாம். டி.என்.ஏ. என்கிற எழுத்து இரண்டு பயிரிலும் ஒன்றுதான். ஆனால் காய்ந்து தவிக்கிற பயிரில் அந்த எழுத்தின் மேல் அங்கங்கே மெத்தில் என்று ஒரு சின்னக் குறி கூடுதலாக ஒட்டிக்கொள்ளும் என்றாள்.

அரூர் சந்தையில் விலைபேசி முடித்த ஆட்டின் முதுகில் மை பூசுவார்கள். ஆடு அதே ஆடுதான், மை பட்டபிறகு வேறு யாரும் விலை கேட்க மாட்டார்கள். அதுபோலவா என்று கேட்டேன்.

"கிட்டத்தட்ட அதேதாங்க அத்தை. ஆனா இந்த மை கண்ணுக்குத் தெரியாது."

அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆன்டிபாடி. முயல் ரத்தத்திலிருந்து எடுப்பார்களாம். மற்றதை விட்டுவிட்டு அந்தக் குறியில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளுமாம், குறி கூடுதலாக இருந்தால் தாளில் கறுப்பாகக் காட்டிவிடலாமாம். மாதக்கணக்கில் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து வந்தது, சுண்டுவிரல் நுனி அளவுக் குப்பியில் இரண்டு மூன்று சொட்டு. கெட்டுப்போனால் மறுபடி வாங்கித் தரமாட்டார்கள், இத்தனை நாள் வேலையும் பாதியில் நின்றுவிடும் என்று சொல்லியிருந்தாள்.

பொங்கல் லீவு விடுகிற நேரம் பார்த்துக் கல்லூரி ஃபிரிட்ஜ் கெட்டுவிட்டது. ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டியில் குப்பியை வைத்து, பஸ்ஸில் மடியிலேயே ஏந்திக்கொண்டு வந்து, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்தாள். மேலே ஐஸ் அறையில் மட்டும் யாரும் மாற்றி வைத்துவிடாதீர்கள், உறைந்தால் கெட்டுவிடும் என்று எல்லோரிடமும் சொன்னாள். வீட்டுக்குள் இருந்தவர்கள் எல்லோரிடமும்தான்.

பக்கத்து வீட்டுக்காரி எனக்குத் தங்கை முறை. அவள் வைக்கிற பொருளும் எங்கள் ஃபிரிட்ஜில் இருக்கும். வருவாள், எடுப்பாள், போவாள், யாரையும் கேட்பதில்லை. அன்றைக்கும் அவளுடைய கோழிக்குஞ்சுகளுக்குக் கழிச்சல் நோய் வராமல் கண்ணில் விடுகிற மருந்து உள்ளே இருந்தது. கால்நடை மருந்தகத்தில் இருந்து வாங்கி வருகிறவர்கள் அதைச் சின்னக் குப்பிகளில் பிரித்துக் கொடுப்பது வழக்கம்.

நான் மாவாட்டிக்கொண்டிருந்தேன். மருமகள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து ஃபிரிட்ஜைத் திறந்தாள். மூடவே இல்லை, அப்படியே நின்றாள். கோழி மருந்து கதவுப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. கீழ்த்தட்டு காலி.

ஈரத்தலையோடு ஓடினாள். நான் மாவுக் கையோடு பின்னால் போனேன். தங்கச்சி கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள், ஒரு கையில் குஞ்சு, ஒரு கையில் சொட்டுக்குழாய்.

"இத்துணூண்டு குடுத்தா எத்தனை குஞ்சுக்குத்தான் போடறது, அக்கா? ஒண்ணுக்குப் போடறதுக்குள்ள பாதி தீந்துபோச்சு."

மருமகள் முதலில் குப்பியைக் கேட்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் குஞ்சை வாங்கினாள். கெடாமல் இருக்க அதில் ஏதோ மருந்து கலந்திருக்குமாம், கண் எரியுமாம். சொம்புத் தண்ணீரைக் கையில் ஊற்றி ஊற்றி அந்தக் கண்ணைக் கழுவினாள். கழுவி முடித்த பிறகுதான் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்த நிமிஷம் பெற்ற பெண்ணாகவே எனக்குப் பட்டாள். சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

விஷயம் தெரிந்ததும் தங்கச்சி சொட்டுக்குழாயைக் கீழே போட்டாள். நாங்கள் கிளம்பும்போது மெதுவாகக் கேட்டாள்: "ஏங்கண்ணு, எங்குஞ்சு சாமைப் பயிராட்டம் முளைச்சிருமா?"

"முளைச்சா எனக்கும் ஒரு படி குடுங்க சின்னத்தை," என்றாள் மருமகள். அழுகையும் சிரிப்புமாக இருந்தது அவள் முகம்.

மிச்சம் ஒரு சொட்டு இருந்தது. கோழிக்குப் போட்ட குழாய் உள்ளே போனதால் அதுவும் கெட்டிருக்கலாம் என்றாள். லீவு முடிந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே திரும்பிப் போனாள். நான் தினமும் போனைப் பார்த்தபடி இருந்தேன். கேட்டால் வருத்தப்படுவாளோ என்று நானாகக் கூப்பிடவில்லை.

ஒரு மத்தியானம் படம் வந்தது. வெள்ளைத் தாளில் இரண்டு வரிசைப் புள்ளிகள், ஒன்று மங்கல், ஒன்று நல்ல கறுப்பு. பின்னாலேயே போன்.

"தெரியுதுங்களா அத்தை? கறுப்பா இருக்கறது காயவிட்ட சாமை. மிச்சமிருந்த சொட்டே போதுமாயிருச்சுங்க."

தங்கச்சியிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அந்தக் குஞ்சு இப்போது வளர்ந்து முட்டையிடுகிறது. முதல் முட்டைகளைத் தங்கச்சி மருமகளுக்கென்று எங்கள் ஃபிரிட்ஜில்தான் வைத்தாள், அதே கீழ்த்தட்டில்.

முயல் ரத்தம் என்று எழுதிவிட்டேன், எலி என்றுதான் சொன்னாளோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. எந்த வரிசை கறுப்பு என்பதையும் மாற்றிச் சொல்லியிருப்பேன். என் மருமகளே, கண்ணு, நீ ஊருக்கு வரும்போது இதை ஒரு தடவை படித்துப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திவிடு.