ஓபோவுக்கு ஒரு வாய்தா

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே, லிஃப்டின் கூரைமேல் குந்தியிருக்கும்போதும் அவர் வாயோரத்தில் ஒரு சீவாளி ஊறிக்கொண்டிருக்கும். இரும்புக் கயிற்றைத் துணியால் துடைப்பார், கிரீஸ் பூசுவார், கீழே நிற்பவரிடம் கதவை மூடச் சொல்வார். எல்லாம் அதை உதட்டிலிருந்து நழுவவிடாமல். சிகரெட் என்று நினைத்துக் கட்டடக் காவலாளிகள் இரண்டு முறை அவர்மேல் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு முறையும் அவர் விளக்கம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் கால்மணி நேரம் போகும், ஆறாவது மாடிக்காரர்கள் படியிறங்கி வந்து சண்டை பிடிப்பார்கள் என்பார்.

வயது ஐம்பத்தெட்டு. பகலில் லிஃப்ட் மெக்கானிக். செவ்வாய்க்கிழமை மாலைகளில் எங்கள் ஊர் ஆர்கெஸ்ட்ராவின் முதல் ஓபோ. எங்களில் யாருக்கும் இசை பிழைப்பில்லை. டிராம்போன் ஊதுபவர் தபால்காரர். செல்லோ வரிசையில் ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு வக்கீல், இரண்டு நர்ஸுகள். ஒத்திகை ஒரு பள்ளிக்கூட ஜிம்மில். கூடைப்பந்து வளையத்துக்கு நேர்கீழே கண்டக்டர் நிற்பார். நான் கணக்கு டீச்சர், இரண்டாவது ஓபோ. ஒன்பது வருஷமாக லிஃப்ட்காரரின் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய இடது காதில் எத்தனை நரைமுடி என்று கேட்டால்கூடச் சொல்லிவிடுவேன்.

ஓபோ என்பது பார்க்க ஒன்றுமில்லை. ஒன்றரை முழ நீளத்தில் ஒரு கறுப்பு மரக்குழல், உச்சியில் நாணலைச் சீவி நூலால் கட்டிய சீவாளி. அந்த நூல் அவருடைய மனைவியின் தையல் பெட்டியிலிருந்து வருவது, எப்போதும் சிவப்பு. அண்ணி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். சீவாளியை மட்டும் தனியாக ஊதிப் பார்க்கும்போது எழும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இவர்கள் வீட்டில் வாத்து வளர்க்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் வெகுநாள் நினைத்திருந்தார்களாம். எங்கள் கண்டக்டரை அண்ணி டிக்கெட் கொடுக்காத கண்டக்டர் என்றுதான் சொல்வார். ஆனால் ஒரு கச்சேரிக்கும் வராமல் இருந்ததில்லை.

எங்கள் சீசனுக்கு ஐந்து கச்சேரிகள். ஒவ்வொன்றிலும் பாதி பழசு, பாதி புதுசு. இதைப் பற்றி லிஃப்ட்காரருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. "பழசு படிக்கட்டு மாதிரி டீச்சர், கால் தானா போகும். புதுசு லிஃப்ட் மாதிரி. கதவு திறக்கிறவரைக்கும் எந்த மாடின்னு தெரியாது." எது பிடிக்கும் என்று கேட்டால், உட்காருவது பிடிக்கும் என்பார். பகல் முழுக்க நின்றும் குந்தியும் தொங்கியும் வேலை செய்கிற மனிதர். ஜிம்முக்குள் நுழைந்ததும் பேசாமல் நாற்காலியில் இறங்குவார். ஒரு பெருமூச்சு வரும். அதற்குப் பிறகுதான் வணக்கம்.

சென்ற சீசனின் இரண்டாவது கச்சேரி முடிந்து கருவியைத் துடைக்கும்போது அவருடைய சீவாளி நுனியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. கேட்டேன். நூல் சாயம் போகிறது என்றார். நூல் இருப்பது அடியில். சாயம் மேல்நோக்கியா போகும் என்று கணக்கு டீச்சர் மனசு கேட்டது. வாய் கேட்கவில்லை. மூன்றாவது கச்சேரியில் நுனி முழுவதும் அப்படி இருந்தது. இம்முறை நான் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரே சொன்னார்.

கீழ்வரிசையில் முன்பற்கள் நான்கும் ஆடிக்கொண்டிருந்தன. ஈறு கரைந்துவிட்டது, எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று பல் டாக்டர் சீசன் தொடங்குமுன்பே சொல்லியிருக்கிறார். ஓபோ ஊதும்போது உதடு பல்லின்மேல் மடிந்து உட்கார வேண்டும், அதன்மேல்தான் சீவாளி. பல் இல்லாவிட்டால் உதட்டுக்கு முட்டுக்கொடுக்க ஆள் இல்லை. பிறகு செயற்கைப் பல் கட்டலாம், ஆனால் அதை வைத்து ஊத வருமா என்று டாக்டரால் உறுதி கொடுக்க முடியவில்லை.

"வாய்தா வாங்கியிருக்கேன் டீச்சர். அஞ்சாவது கச்சேரி வரைக்கும்," என்றார் அவர். பிறகு அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. "வாய்க்குத்தானே வாய்தா."

அந்த நிமிடம் எனக்கு முதலில் தோன்றியதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். பாவம் என்று தோன்றவில்லை. முதல் நாற்காலி காலியாகப் போகிறது என்றுதான் தோன்றியது. ஒன்பது வருஷம் என்னைத் தன் சுருதிக்குள் வைத்துக் காப்பாற்றிய மனிதரின் பல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது. அதன்பின் பல நாள் அவர் முகத்தை நேராகப் பார்க்கக் கூசியது.

நான்காவது கச்சேரிக்குள் அவர் மெல்லுவதையே விட்டுவிட்டார். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து விழுங்குவதாக அண்ணி சொன்னார். ஆள் இளைத்தார். வேலை மட்டும் குறையவில்லை. ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுவிட்டது, வங்கி லிஃப்ட் அடம்பிடிக்கிறது என்று அழைப்பு வந்துகொண்டே இருந்தது. பல்லு போனா சொல்லு போச்சு என்பார்களே, தனக்குச் சொல் போனால் நஷ்டமில்லை, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் திட்டும்போது பதில் பேசாமல் இருக்கலாம், ஆனால் சுருதி போய்விடுமே என்றார். அதைச் சிரிக்காமல் சொன்னார்.

ஐந்தாவது கச்சேரியின் புதிய உருப்படியை எழுதியவர் எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண். இருபத்தாறு வயது, அதுதான் அவளுக்கு முதல் மேடை. கடை இருக்கும் கட்டடத்து லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, எதிரொலி நன்றாக இருக்கிறதென்று லிஃப்ட்காரர் உள்ளேயே நின்று ஓபோ ஊதிப் பார்த்திருக்கிறார். மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அதைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதியிருக்கிறாள். பதினோரு நிமிட உருப்படி. அதன் நடுவில் ஓபோவுக்கு ஒரே ஒரு ஸ்வரம், நூற்றுப்பன்னிரண்டு விநாடி, விடாமல். மற்ற எல்லா வாத்தியங்களும் அதைச் சுற்றி வந்து வந்து போகும். கன்னத்துக் காற்றால் ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்கத் தெரிந்தவருக்குத்தான் அது முடியும். எங்கள் ஊரில் அது தெரிந்தவர் ஒருவர்தான்.

ஒத்திகையில் அவள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். கொஞ்சம் மெதுவாக, ஆனால் தேய்ந்துபோகாமல். கொஞ்சம் தூரத்திலிருந்து, ஆனால் மங்காமல். ஒன்பது முறை. ஆறாவது முறை நான் வாய் திறக்கப் போனேன். அவருடைய பூட்ஸ் என் செருப்பை அழுத்தியது. ஒன்பதாவது முறை முடிந்ததும் நன்றி சார் என்றாள் அவள், கண் கலங்க. அவர் தலையசைத்துவிட்டு வெளியே போனார். ஜிம் வாசற்படியில் உட்கார்ந்து, வாய் நிறையக் குளிர்ந்த தண்ணீரை அடக்கிக்கொண்டு, பத்து நிமிடம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கச்சேரிக்கு மூன்று நாள் முன்பு என் வீட்டுக்கு வந்தார். நான் சமையலறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஓபோ பெட்டியை மேஜைமேல் வைத்தார்.

"டீச்சர், அந்த நீள நோட்டை நீங்களும் படிச்சு வெச்சுக்கணும்."

"என்னால முழுசா இழுக்க முடியாதுண்ணே. மூக்கால மூச்சு வாங்குற வித்தை எனக்கு வராது."

"முழுசா வேணாம். நான் விடுற இடத்துல நீங்க பிடிச்சுக்கணும். நடுவுல ஓட்டை விழக் கூடாது. அவ்வளவுதான்."

அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடலாமே என்றேன். முதல் மேடை, பயந்துவிடும் என்றார். அறுபது விநாடி அவர், பிறகு இடது முழங்கையால் ஓர் இடி, அதன்பின் நான் என்று பேச்சு. என்னால் தம் பிடித்து ஐம்பத்திரண்டு விநாடி இழுக்க முடியுமா என்று என் கணவர் கையில் கடிகாரத்தோடு நின்று பார்த்தார். ஐந்தாவது தடவையில் முடிந்தது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. லிஃப்ட்காரர் போகும்போது, எங்கள் கட்டட லிஃப்ட் கதவு உரசுகிறது, அடுத்த வாரம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரைக்குக் கச்சேரி. நகர மண்டபத்தில் முக்கால்வாசி இருக்கை நிரம்பியிருந்தது. முதல் பாதியில் பழைய சிம்பொனி. அதன் மெதுவான பகுதியில் ஓபோவுக்கு ஒரு தனி இடம் உண்டு. அதை அவர் இதைவிட நன்றாக வாசித்து நான் கேட்டிருக்கிறேன். ஆனால் இவ்வளவு கவனமாக வாசித்துக் கேட்டதில்லை. நிறைகுடத்தைத் தலையில் வைத்து நடப்பவர்போல வாசித்தார். இடைவேளையில் சுவரைப் பார்த்து நின்றார்.

இரண்டாம் பாதியில் அந்த ஸ்வரம் தொடங்கியது. நான் மனசுக்குள் விநாடி எண்ணினேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. முழங்கை அசையவில்லை. எழுபது. சீவாளியை உதட்டில் வைத்துக் காத்திருந்த எனக்கு வாய் உலர்ந்துபோயிற்று. எண்பது. கொடுத்துத் தொலையுங்களேன் என்று கோபம்கூட வந்தது. ஸ்வரம் ஒரு கம்பிபோல நேராக நின்றது. எண்பத்தேழில் அது நடுங்கியது. இசையின் நடுக்கம் இல்லை அது. இடி விழுந்தது.

நான் அடியிலிருந்து நுழைந்தேன். அவர் மேலிருந்து மெல்ல மெலிந்து விலகினார். ஓட்டை விழவில்லை. மீதி இருபத்தைந்து விநாடி என்னுடையது. அவர் குரலைவிட என் குரல் ஒல்லி, எனக்கே தெரிந்தது. கடைசிவரை அவர் ஓபோவை வாயிலிருந்து எடுக்கவில்லை.

கைதட்டல் எழுந்தபோது கண்டக்டர் அவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கை காட்டினார். உதட்டை இறுக்கி மூடியபடி எழுந்து, குனிந்து, உட்கார்ந்தார். கண்டிப்பான ஆள்போலிருக்கிறது என்று முன்வரிசையில் யாரோ பேசிக்கொண்டார்களாம். பிறகு மேடைக்குப் பின்னால் அண்ணி கைக்குட்டையை நீட்ட, அதில் ஒரு பல்லைத் துப்பினார். எண்பத்தேழாவது விநாடியிலிருந்து அதைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்திருக்கிறார்.

மீதி மூன்றையும் அடுத்த வாரம் எடுத்தார்கள். அதே வாரம் ஊர்ச் செய்தித்தாளில், முதல் ஓபோ ஒரே மூச்சில் நிகழ்த்திய சாதனை என்று நாலு வரி வந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை என்று அண்ணி சொன்னார். வாயில் பஞ்சோடு, வலிமாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். பேச முடியாததால் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி நீட்டியிருக்கிறார்: கடைசி இருபத்தஞ்சு விநாடி டீச்சர் ஊதினது. நான் ஊதலை.

அந்தப் பெண் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, தனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கிறாள். குரல் மாறிய இடத்தில் திடுக்கிட்டதாகவும், வீட்டுக்குப் போனபின் அந்த இடம்தான் காதில் நின்றதாகவும். பிறகு என்னிடம் திருத்திய பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த ஸ்வரம் இப்போது முதல் ஓபோவில் தொடங்கி இரண்டாவது ஓபோவில் முடிகிறது. அதை எடுத்துக்கொண்டு போய் லிஃப்ட்காரரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். சந்தோஷமா, வருத்தமா என்று முகத்தில் படிக்க முடியவில்லை.

"அப்ப இனிமே அது ரெண்டு பேர் வேலை," என்றார். பல்லில்லாத வாயில் அது வேறு யாரோ சொன்னதுபோலக் கேட்டது.

மூன்று மாதம் கழித்துப் புதிய சீசனின் முதல் ஒத்திகை. முதல் நாற்காலியில் நான். பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த பஸ் டிரைவர் ஒருவர். ஆசைப்பட்ட இடம்தான், உட்கார்ந்ததும் முதுகு வலித்தது. லிஃப்ட்காரர் வேலை உடையோடு அண்ணியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார், கருவி இல்லாமல். செயற்கைப் பல் தயாராகிவிட்டது, ஆனால் உறுத்துகிறதென்று சட்டைப் பையில்தான் இருந்தது. ஊத வருமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை, இவரும் இன்னும் கேட்கவில்லை. எப்போது வரப்போகிறீர்கள் என்று கண்டக்டர் கேட்டார். "இப்ப வந்திருக்கேன்ல," என்று சொல்லிவிட்டு, ஜிம்மின் மரப்படிகளில் நான்காவதில் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

பழைய உருப்படியைத்தான் முதலில் எடுத்தோம். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள், அன்றைக்குப் பகல் முழுக்க எந்த லிஃப்டில் தொங்கினாரோ, தூங்கிப்போனார். தலை பின்னால் சரிந்து, ஒரு சீசன் முழுக்க மூடி வைத்திருந்த வாய் நன்றாகத் திறந்துகொண்டது. அண்ணி எங்களைப் பார்த்தபடியே கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டி, அவர் மோவாயை மெல்ல மேலே தள்ளி வாயை மூடினார். கையை எடுத்ததும் அது மறுபடி திறந்துகொண்டது. அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. கையைத் திரும்பக் கொண்டுபோய் மோவாய்க்கு அடியில் வைத்து, அங்கேயே விட்டுவிட்டார்.