அண்ணை வாங்கிவந்த பிராண்டி

போன கிழமை சின்னவன் கோபத்தோடு வீட்டுக்கு வந்தான். கூட வேலை செய்கிறவர்களின் விருந்துக்கு ஒரு வைன் போத்தல் வாங்கப் போன இடத்தில், பதினெட்டு வயது ஆகிவிட்டதா என்று கேட்டு அடையாள அட்டை காட்டச் சொன்னார்களாம். லைசென்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். "எனக்கு இருபத்தேழு வயசு, என்ர மூஞ்சையைப் பாக்கத் தெரியேல்லையா?" என்று குசினிக்குள் நின்று சத்தம் போட்டான். மூத்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பாவுக்கே குடுக்கேல்லையாம். உனக்கு எப்பிடிக் குடுப்பினம்?" என்றாள். பிறகு பிள்ளைகள் நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினீர்கள். பெரியப்பா சொல்கிற மாதிரியே, அவர் கையை ஆட்டுகிற மாதிரியே. நானும் வழக்கம்போலச் சிரித்துவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்துவிட்டேன்.

அந்தக் கதையில் ஒரு துண்டு குறைகிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுத்துப் பழக்கம் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

பெரியப்பா எனக்கு இரத்தச் சொந்தம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஊரில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். என்னைவிட ஆறேழு வயது மூப்பு. எழுபதுகளின் நடுவில் நானும் உங்கள் அம்மாவும் மெல்பேர்னுக்கு வந்து இறங்கியபோது, எங்களைக் கூட்டிப்போக வந்த ஒரே ஆள் அவர்தான். பிரன்ஸ்விக்கில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, முன் அறையில் அவர் இருந்தார். பின் அறையை எங்களுக்குத் தந்தார். கார்ச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். நான் அவரை அண்ணை என்றேன். அம்மாவும் அண்ணை என்றாள். அந்த நாளில் இந்த ஊர் முழுக்கத் தேடினாலும் தமிழில் கதைக்க விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். அதனால் அந்தச் சொல்லுக்குப் பாரம் அதிகம்.

அம்மா மூத்தவளை வயிற்றில் சுமந்தபோது நான் சவரம் செய்யவில்லை. மனைவி பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது புருஷன் கத்தி வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்த நாட்டில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அண்ணையே கேலி செய்தார். ஆனாலும் எனக்குப் பயம். தூரத்து நாட்டில், துணைக்கு ஒருவரும் இல்லாமல், முதல் பிள்ளை. எதை விட்டால் எது நடக்குமோ என்று நினைத்துத் தாடியை வளரவிட்டேன். தாடி நெஞ்சைத் தொடுகிற அளவுக்கு வளர்ந்தது. தொழிற்சாலையில் என்னைச் சாமியார் என்றார்கள்.

தெருமுனையில் ஒரு ஹோட்டலோடு சேர்ந்த போத்தல் கடை இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அண்ணைக்குப் பியர் வாங்கிக்கொண்டு வருவது என் வேலை. கடைக்காரன் சிவந்த முகமும் பெரிய தோளுமாக இருப்பான். என் தாடியைப் பார்த்து அவன் எனக்கு வைத்த பெயர் புரொஃபெசர். "புரொஃபெசர், இன்றைக்கு வகுப்பு முடிந்துவிட்டதா?" என்று ஆங்கிலத்தில் கேட்பான். நானும் "முடிந்தது, முடிந்தது" என்பேன். ஒரு நாளும் அவன் என் வயதைக் கேட்டதில்லை.

மூத்தவள் பிறந்து, ஆஸ்பத்திரியால் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு சனிக்கிழமை காலை. அம்மா படுக்கையில் சாய்ந்தபடி குளிரில் நடுங்கினாள். இடுப்பு உளைகிறது என்றாள். இத்தாலியன் கடையில் வாங்கிய உள்ளியும், ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகும் மல்லியும் அரைத்து, பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற சரக்குக்கறி ஒன்றை நான் வைத்தேன். அது சரக்குக்கறி மாதிரியும் இல்லை, வேறு ஒன்று மாதிரியும் இல்லை. அவள் அதைச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிந்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"என்ர அம்மா பக்கத்திலை இருந்தா பின்னேரத்திலை ஒரு மூடி பிராண்டி தந்திருப்பா. உடம்புக்குச் சூடு எண்டு."

பிள்ளை பெற்றவளுக்குப் பிராண்டி கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். இன்றைக்கு நீங்கள் படித்தவர்கள், பால் கொடுக்கிறவளுக்குச் சாராயமா என்று தலையில் அடிப்பீர்கள். அடியுங்கள். ஆனால் இந்த நாட்டுக்கு வந்தபின் அம்மா என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் சாமான் அது. குளிருக்குக் கோட் வேண்டும் என்றுகூட அவள் கேட்டதில்லை. அடுத்த நாள் ஞாயிறு. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு போத்தல் கடையும் திறக்காது. அன்றைக்கே வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு மனம் பிடித்துக்கொண்டது.

"பொறு, முதல்லை உந்தக் காட்டை வெட்டுவம்" என்றார் அண்ணை. பிள்ளை பிறந்துவிட்டது, இனிச் சவரம் செய்யலாம்தானே. பின்வளவில் ஒரு கதிரையைப் போட்டு என்னை இருத்தி, சேட்டின் கையை மடித்துவிட்டு அவரே கத்தரிக்கோலை எடுத்தார். தாடி போனது. பிறகு மீசைக்கு வந்தார்.

"அண்ணை, மீசையை விடுங்கோ."

"விடுறன், விடுறன். ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிப்போட்டுது. மற்றப் பக்கத்தையும் சரிப்பண்ணுறன்."

"இப்ப அந்தப் பக்கம் தூக்குதே!"

"அசையாதையடா. நீ அசையிறபடியால்தான் இப்பிடி."

இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று கடைசியில் மீசையே இல்லை. கண்ணாடியைப் பார்த்தேன். எனக்கு அப்போது இருபத்திநாலு வயது. கண்ணாடியில் இருந்தவன் சோதனைக்குப் படிக்கிற பெடியன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, சிரிக்கப் பண்ணாதேங்கோ, நோகுது" என்றாள். "இஞ்சை பாரன் பிள்ளை, உன்ர கொப்பர் பள்ளிக்கூடம் போப்போறார்."

இதுவரைக்கும் பெரியப்பா சொல்கிற கதைதான். இனித்தான் வேறு.

கடைக்கு நான் தனியாகப் போகவில்லை. அவருடைய காரில் இருவரும் போனோம். அவர் சொல்கிற மாதிரி அவர் காருக்குள் இருக்கவில்லை. இருவரும் ஒன்றாகவே உள்ளே போனோம். அவர் இரண்டு போத்தல் பியரை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றார். நான் ஒரு பிராண்டிப் போத்தலை மேசையில் வைத்தேன்.

கடைக்காரன் போத்தலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "தம்பி, பக்கத்து மில்க் பாரில் நல்ல லெமனேட் இருக்கிறது" என்றான். பெடியன்கள் இனிப்பு வாங்கப் போகிற கடை அது.

பகிடி விடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளைக்கு முன் பள்ளிக்கூடப் பெடியன்களுக்கு யாரோ விற்று, பொலிஸ் வந்து கடையை மூடுகிற அளவுக்குப் போயிருந்ததாம். வயதைக் காட்டு என்றான். என் பாஸ்போர்ட்டை, பிள்ளையின் பெயரை அதில் சேர்ப்பதற்காகக் கன்பராவில் இருந்த எங்கள் நாட்டுத் தூதரகத்துக்கு அந்தக் கிழமைதான் அனுப்பியிருந்தேன். வேறு ஒன்றும் கையில் இல்லை.

"நான்தான் புரொஃபெசர்" என்றேன். "வெள்ளிக்கிழமைகளில் வருகிற ஆள். தாடி வைத்திருந்தேனே."

"அவர் உன் அண்ணனா? நல்ல மனுஷன். அவரை வரச் சொல்லு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் கூட்டி, எனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, மனைவிக்கு மருந்துக்கு வேண்டும், நான் ஒரு தகப்பன் என்றேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. "நீ தகப்பனா? அப்படியானால் நான் மகாராணி" என்றான் வரிசையில் நின்ற ஒருவன்.

கடைக்காரன் என் தோளுக்கு மேலால் அண்ணையைப் பார்த்தான். நாங்கள் இருவரும் ஒரே நிறம்தானே. "இவன் உங்களோடு வந்தவனா? இவனுக்கு நீங்கள் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் இப்போதே சொல்லுங்கள், நான் பொலிஸைக் கூப்பிடவேண்டி வரும்."

நான் திரும்பினேன். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அண்ணைக்கு நல்ல இங்கிலீஷ். ஒரு வசனம் சொன்னால் போதும். இவன் என் தம்பி, இருபத்திநாலு வயது, காலையில்தான் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம், தாடியை எடுத்தது நான்தான். அவ்வளவும் உண்மை.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நோ" என்றார். "ஐ டோன்ற் நோ ஹிம்."

பியரை என் பக்கத்தால் மேசையில் வைத்தார். மடித்துவிட்ட சேட்டின் கையில் என் தாடி மயிர் ஒட்டியிருந்தது. சின்னச் சின்னதாக, கறுப்பாக. பியருக்குக் காசைக் கொடுத்தார், மிச்சத்தை வாங்கினார், வெளியே போனார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தபோது கார் இல்லை.

பிரன்ஸ்விக்கின் பெரிய தெருவான சிட்னி ரோட்டில் நடந்து இன்னொரு கடைக்குப் போனேன். அது மத்தியானமே பூட்டியிருந்தது. ட்ராம் என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. ஏறத் தோன்றவில்லை. வெறுங்கையோடு அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி நடந்தே வந்தேன்.

வாசலில் கார் நின்றது. அம்மா குசினிக் கதிரையில் பிள்ளையோடு இருந்தாள். மேசையில் பிராண்டிப் போத்தல். ஒரு மூடி குடித்தும் விட்டாள், கன்னம் கொஞ்சம் சிவந்திருந்தது. இன்னொரு ஊர்ப் பக்கம் போய் அண்ணை வாங்கிவந்திருக்கிறார்.

"உங்களுக்குக் குடுக்கேல்லையாமே!" என்று அவள் சிரித்தாள். "அண்ணை எல்லாம் சொன்னவர். லெமனேட் குடிக்கச் சொன்னவனாம்."

"நான் காருக்குள்ளை இருந்தனான்" என்றார் அண்ணை, அடுப்படியில் சாய்ந்தபடி. "இவன் உள்ளை போய் நிண்டு சண்டை பிடிக்கிறான், எனக்கு ஒண்டும் தெரியாது. பாத்தன், ஆளைக் காணேல்லை. சரி, தங்கச்சி பாவம் எண்டு நான் போய் வாங்கிக்கொண்டு வந்தனான்."

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் என்னை நேரே பார்த்தார். கடையில் பார்க்காத பார்வை அது. பிள்ளை பெற்று எழும்பாதவளுக்கு முன்னால் நான் என்ன செய்ய? "ஓம்" என்றேன். "அப்பிடித்தான்."

பின்னேரம் பின்வளவுத் தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றபோது வந்தார். "வாற கிழமை எனக்கு வதிவிட இன்ரவியூவடா. பொலிஸ் அது இது எண்டு பெயர் போச்சுதெண்டா என்ர கதை முடிஞ்சுது. உனக்கு விளங்கும்தானே?"

"விளங்குது."

"தங்கச்சிக்குச் சொல்லாதை."

"சொல்ல மாட்டன்."

விளங்கியதும் உண்மைதான். இந்த நாட்டில் இருக்க விடுவார்களா என்று தெரியாமல் இருக்கிறவனின் பயம் எனக்கும் தெரியும். ஆனால் அன்றிரவும் அதற்குப் பிறகும் நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அங்கே குற்றமே நடக்கவில்லை. எனக்கு வயது இருந்தது. அவர் பொய் சொல்லத் தேவையில்லை, உண்மையைச் சொன்னால் போதும். கடைக்காரன் என்னை அடையாளம் காணவில்லை, அது அவனுடைய பிழை இல்லை, மீசையின் பிழை. சட்டத்தின் மேலும் எனக்குப் பெரிய கோபம் இல்லை. என்னை அடையாளம் தெரிந்த ஒரே ஆள்தான் தெரியாது என்றார்.

மீசை திரும்ப வளர்ந்து, தாடியும் கொஞ்சம் விட்டுப் பார்த்தபின் அந்தக் கடைக்குப் போனேன். "புரொஃபெசர்! எங்கே போயிருந்தீர்கள்?" என்று கை கொடுத்தான் கடைக்காரன். "உங்கள் தம்பி ஒருநாள் வந்து சரியான கரைச்சல் கொடுத்தான். பிள்ளை பிறந்திருக்கிறது என்று ஒரு கதை வேறு." நான் அண்ணையின் பியரை வாங்கிக்கொண்டு வந்தேன். ஆம், அதற்குப் பிறகும் அவருக்குப் பியர் வாங்கிக் கொடுத்தேன். ஒரே வீடு, ஒரே குசினி.

பெரியப்பா எங்களுக்குச் செய்த உதவிகளை நான் மறுக்கவில்லை. கார் ஓட்டப் பழக்கினார். கிளென் வேவர்லியில் இந்த வீட்டை வாங்கியபோது சுமை தூக்கினார். ஆனால் அந்தக் கதையை அவர் விடவில்லை. மூத்தவளின் முதல் பிறந்தநாளில் சொன்னார். அவளுடைய இருபத்தோராவது பிறந்தநாளில் மைக்கைப் பிடித்துச் சொன்னார். ஒவ்வொரு முறையும் "நான் காருக்குள்ளை இருந்தனான்" என்ற இடம் வரும். ஒவ்வொரு முறையும் நான் சிரிக்க வேண்டும். கடையில் சொன்னதைப் பயத்தில் சொன்னார் என்று விட்டுவிடலாம். விருந்தில் சொன்னதற்கு என்ன பயம்? கேட்டுக் கேட்டு, அவரே அதை நம்பிவிட்டாரோ என்றுகூட நினைப்பேன்.

அந்தப் போத்தலை அம்மா கழுவி எடுத்து வைத்திருந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் நல்லெண்ணெய் இருக்கிறதே, அதுதான். நீங்கள் தோசைக்கு ஊற்றுகிற எண்ணெய். "அண்ணை வாங்கித் தந்த போத்தல்" என்று அம்மா சொல்லும்போது அவள் குரலில் இருக்கிற நன்றியை நான் கெடுக்கவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்தது, அது போதும் என்று இருந்துவிட்டேன். ஆனால் அதை அவளுக்குக் கொண்டுவந்து வைக்கவேண்டிய கை என்னுடையது.

அடுத்த ஞாயிறு பெரியப்பா சாப்பாட்டுக்கு வருகிறார். சின்னவனுக்குக் கடையில் நடந்ததை யாராவது அவருக்குச் சொல்வீர்கள், அவர் தொடங்கிவிடுவார். சொல்லட்டும், நீங்கள் சிரியுங்கள். லெமனேட் இடம் எனக்கும் சிரிப்பு வருகிற இடம்தான். காருக்குள் இருந்தேன் என்று அவர் சொல்லும்போது மட்டும் நான் இனிச் சிரிக்க மாட்டேன். அந்த நேரத்தில், எல்லாருக்கும் முன்னால், "ஏனப்பா ஒரு மாதிரி இருக்கிறீங்கள்?" என்று என்னைக் கேட்டுவிடாதீர்கள்.