கஞ்சி போட்ட படை

அமெரிக்கப் படைக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்த குடும்பம் எங்களுடையது என்பதை நான் வெளியில் சொல்வதில்லை. சொன்னால் விளக்க வேண்டிவரும். நாலு பேருக்கு முன்னால் நீளமாகப் பேச எனக்கு வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. இங்கிலாந்தில் ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அப்பா, அம்மா, சித்தப்பா, நான் என்று நாலு பேர் இருந்தோம். அம்மா விடியமுன் எழும்பி, அலுவலகங்களைத் துப்புரவாக்கும் ஷிப்டுக்குப் போய்விடுவார். அப்பா பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து வந்து தூங்குவார். நான் நானாகவே எழும்பி, நானாகவே தலை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் மற்றது காதுக்குக் கீழேயும் தொங்கும். வகுப்பில் ஒரு பெண் என்னைக் கண்டதும் தன் தலையை ஒரு பக்கம் சரித்துக் காட்டுவாள். காலையில் அம்மா வீட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வயதில் எனக்கு வேறு ஆசை இருந்ததாக நினைவில்லை.

கீழே கடையில் வேலை செய்த சித்தப்பாதான் அந்த வெள்ளைக்காரரை மேலே கூட்டிவந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காக்களில் பழைய காலத்துச் சண்டைகளை நடித்துக் காட்டும் குழு ஒன்றில் இருந்தார். இருநூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்து அரசரை எதிர்த்துச் சண்டை பிடித்த அமெரிக்கப் படை அவர்களுடையது. தோற்றவர்களாக நடிப்பவர்களும் இங்கிலாந்துக்காரர், வென்றவர்களாக நடிப்பவர்களும் இங்கிலாந்துக்காரர். அமெரிக்கப் பக்கத்துக்கு உடுப்பும் சாமானும் சேர்த்துக் கொடுப்பது வாத்தியாரின் பொறுப்பு.

சித்தப்பா விஷயத்தைச் சொன்னதும், ஊரில் ராணுவத்துக்குப் பயந்து ஓடிவந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"ஆமிக்கோ? ஆமிக்கு நான் ஊசியிலை நூல் கோக்கமாட்டன்."

"அண்ணி, இது இருநூறு வருஷத்துக்கு முந்தின ஆமி. எல்லாரும் செத்துப்போட்டினம்."

"செத்த ஆக்களுக்கு என்னத்துக்குத் தம்பி உடுப்பு?"

வாத்தியார் ஒன்றும் விளங்காமல் சிரித்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார், சித்தப்பா தமிழாக்கினார். அந்தப் படைக்குத் துப்பாக்கியைவிடத் துணிக்குத்தான் தட்டுப்பாடாம். துணி கப்பலில் வரவேண்டும், வந்தாலும் காணாதாம். சப்பாத்து இல்லாமல் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு பனியில் நடந்தார்களாம். வீடுகளில் இருந்த பெண்கள் கூடித்தான் மேலில் போடும் சேட்டுத் தைத்து அனுப்பினார்களாம். பனியில் வெறுங்கால் என்ற இடத்தில் அம்மா கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார்.

"சரி, கொண்டுவரச் சொல்லுங்கோ."

ஆறு புதுக் கோட்டுகள், ஆறு முதுகுப் பைகள். அதோடு ஒரு பெரிய மூட்டையில் பழைய கோட்டுகளும் சேட்டுகளும். அவற்றுக்கு விழுந்துபோன பொத்தான்களை மட்டும் கட்டினால் போதும். வேலை பிடித்திருந்தால் குழுவின் தையல் முழுவதையும் வருடம் முழுக்க அம்மாவுக்கே தருவதாக வாத்தியார் சொன்னார். அப்படியென்றால் விடியமுன் போகும் ஷிப்ட் வேண்டாம் என்று சித்தப்பா எனக்கு விளங்கப்படுத்தினார். அன்றிலிருந்து அமெரிக்கா வெல்ல வேண்டும் என்று நான் பிள்ளையாரைக் கும்பிட்டேன்.

அம்மா மூட்டையை அவிழ்த்தார். சேறு, புகை மணம், முழங்கை எல்லாம் ஓட்டை.

"ஐயோ, பாவங்கள். இவையளுக்கு வீட்டிலை ஒருத்தரும் இல்லையோ?"

பொத்தான் மட்டும் போதும் என்று சொன்னதைச் சித்தப்பா நினைவூட்டினார். "தெறியை மட்டும் கட்டி ஓட்டையோடை திருப்பிக் குடுத்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பினம்?" என்று அம்மா கேட்டார். சித்தப்பா கீழே கடைக்குப் போய்விட்டார்.

கோட்டுகள் குளியல் தொட்டியில் பச்சைத்தண்ணீரில் ஊறின. தூக்கம் முறிந்து குளிக்கப் போன அப்பா, "ஆர் இதுக்குள்ளை குளத்தைக் கொண்டந்து விட்டது?" என்று கத்தினார். அம்மா கோட்டுகளின் உள்மடிப்பிலிருந்தே நூலை உருவி எடுத்து, ஒவ்வொரு ஓட்டையையும் இருந்த இடம் தெரியாமல் அடைத்தார். சேட்டுகளுக்குச் சோறு வடித்த கஞ்சி போட்டு அயன் செய்தார். பொத்தான்களுக்குச் சாம்பல் போட்டு மினுக்கியது நான்.

காட்சி நாளன்று சட்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பூங்காவுக்குப் போனோம். நல்ல குளிர். கடைக்குச் சொந்தமான வான் வண்டியில் உடுப்புகளைக் கொண்டுபோய் இறக்கினோம். கூடாரங்களுக்கு முன்னால் நின்ற ஆண்கள் மூட்டையைப் பிரித்தார்கள். வாத்தியார் ஒரு சேட்டைத் தூக்கினார். அது அப்பளம் போல விறைத்து நின்றது. யாரோ ஒருவர் சிரித்துவிட்டு உடனே இருமினார்.

வாத்தியார் தாழ்ந்த குரலில் சொன்னதைச் சித்தப்பா இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னார். "அண்ணி, கிழிசல்தானாம் முக்கியம். பசியிலையும் குளிரிலையும் கிடந்த படையைத்தானாம் இண்டைக்குக் காட்டப்போகினம். அந்தச் சேறு ரெண்டு வருஷமாச் சேர்த்த சேறாம்."

"சேத்தை ஆரும் சேர்ப்பினமோ?"

"இப்ப எல்லாரும் மாப்பிள்ளைத் தோழன்மார் மாதிரி நிக்கினமாம்."

இரண்டு மணிக்குச் சனம் வந்துவிடும். வாத்தியார் மரியாதையாகவே ஒரு கத்தரிக்கோலை அம்மாவிடம் நீட்டினார். அடைத்த இடங்களைத் திறந்துவிட்டால் போதும். அம்மா அதை வாங்கி, ஒரு முழங்கையில் வைத்து, திரும்ப எடுத்தார்.

"என்னாலை ஏலாது தம்பி."

"அண்ணி, வேலை போகப் போகுது."

"சண்டைக்குப் போறவையைக் கிழிசலோடையே அனுப்புறது?"

"விளையாட்டுச் சண்டை, அண்ணி."

"விளையாட்டோ என்னவோ." அம்மா கத்தரிக்கோலை மூட்டையின் மேல் வைத்துவிட்டுப் போய் வானுக்குள் ஏறி, மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. வகுப்பில் விடை தெரிந்தாலும் கை உயர்த்தாத பிள்ளை நான். அன்று அந்தக் கத்தரிக்கோலை எடுத்தேன். முழங்கையை வெட்டினேன். வெட்டு நேராக இருந்தது, பொய் போலத் தெரிந்தது. அதனால் நூலை இழுத்தேன், பல்லால் கிழித்தேன், கோட்டைச் சேற்றில் போட்டு ஏறிக் குதித்தேன். வாத்தியார் அடுத்த கோட்டைக் கொண்டுவந்து தந்தார். இரண்டு மணிக்கு அமெரிக்கப் படை கந்தலாகப் புறப்பட்டது. ஒரு கிழவி அவர்களைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்.

வேலை கிடைத்தது. அடுத்த மாதமே அம்மா ஷிப்டை விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அம்மா தைப்பார், நான் கிழிப்பேன். சனிக்கிழமைகளில் தேங்காய்த் துருவலகையும் உப்புத்தாளையும் வைத்துக் கோட்டுகளைத் தேய்த்துக்கொண்டு இருப்பேன். நான் தொடங்கினால் அம்மா சமைக்கக் குசினிக்குள் போய்விடுவார். முடிந்ததும் வந்து, "நீ போய்ப் படி, நான் மடிச்சு வைக்கிறன்" என்பார்.

மற்றவர்கள் கிழித்த கோட்டுகள் நாலு காட்சியில் நார் நாராகப் போய்விடுகின்றன, என் கிழிசல்கள் மட்டும் வருடக்கணக்காக அதே அளவில் நிற்கின்றன என்று வாத்தியார் எல்லாரிடமும் சொல்வார். என்னைப் படையின் கிழிப்பு அதிகாரி என்று கூப்பிடுவார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது. "அது கைப்பழக்கம் அப்பா" என்று வீட்டில் பெருமையடிப்பேன். அப்பா அம்மாவைப் பார்ப்பார். அம்மா உலைப்பானையைப் பார்ப்பார்.

போன வருடம் அந்தக் குழுவைக் கலைத்தபோது ஒரு கோட்டை எனக்கு நினைவாக அனுப்பினார்கள். அம்மா இல்லாமல் போய் இரண்டு வருடம். சுவரில் கொழுவி வைப்பதற்காக உள்பக்கத்தைப் புரட்டினேன். ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்தையும் சுற்றி அதே நிற நூலில் பொடித் தையல். கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் தடவினால்தான் தட்டுப்படும். மற்ற முழங்கையைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன். நான் கிழித்து விட்டபடியே விடப்பட்டிருந்த ஓட்டை ஒன்றுகூட இல்லை.

நாலு கோட்டை மடித்து வைக்க ஒரு ஆளுக்கு ஏன் பின்னேரம் முழுவதும் எடுத்தது என்று அந்தச் சனிக்கிழமைகளில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.